பங்குத்தந்தை தலைமை தாங்கிய சங்கங்கள்

அயர்லாந்தின் கூட்டுறவு இயக்கம் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த நாள்களில், லிமெரிக் மாவட்டத்து ராத்கீல் என்ற சிற்றூரில் வெண்ணெய் ஆலை ஒன்றைத் தொடங்குவது பற்றிப் பேச ராபர்ட் ஆண்டர்சன் என்ற அமைப்பாளர் ஒரு கூட்டம் கூட்டினார். எல்லோருடைய பாலையும் ஓரிடத்தில் சேர்த்து, இயந்திரத்தில் ஏடு பிரித்து, ஒரே தரத்தில் வெண்ணெய் எடுத்து, வரும் லாபத்தை அவரவர் ஊற்றிய பாலின் அளவுக்கேற்பப் பிரித்துக்கொள்ளலாம் என்று அவர் விளக்கி முடித்ததும், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் எழுந்தார். ராத்கீல் முதுகெலும்பு வரை தேசியவாத ஊர் என்றும், இந்த ஆலையில் எடுக்கப்படும் ஒவ்வோர் இராத்தல் வெண்ணெயும் தேசியவாதக் கொள்கைகளின்படியே எடுக்கப்பட வேண்டும், இல்லையென்றால் எடுக்கப்படவே கூடாது என்றும் அறிவித்தார். அயர்லாந்துக் கூட்டுறவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லிச் செல்கிறார்கள். எனக்கோ அந்த வழக்கறிஞரின்மேல் சற்று மரியாதை உண்டு. ஆலையைக் கொண்டுவருகிறவர் யார், அவருக்குப் பின்னால் எந்தக் கட்சியும் எந்தத் திருச்சபையும் நிற்கின்றன என்று கேட்காமலே ஓர் ஏழை உழவர் தன் பாலை ஒப்படைத்துவிடுவார் என்று நம்பியவர்களைவிட, அவர் தம் ஊரை நன்றாக அறிந்திருந்தார்.

நான் சில காலமாக ஆய்ந்துவரும் பொருள் இந்தக் கேள்வியைச் சுற்றியதுதான். கூட்டுறவு என்றால் ஆளுக்கு ஒரு வாக்கு என்று பாடநூல்கள் சொல்கின்றன. கையில் உள்ள பணம் எவ்வளவு என்று பாராமல் ஒவ்வோர் உறுப்பினரும் சமமாகத் தீர்மானிக்கும் அந்த ஏற்பாட்டைப் பொருளாதார ஜனநாயகம் என்கிறோம். அயர்லாந்தில் அந்த ஏற்பாடு வேரூன்றிய இடம் கத்தோலிக்கத் திருச்சபையின் பங்கு, அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி. பங்கின் எல்லையே பல சங்கங்களின் எல்லை. பங்குப் பள்ளிக்கூடமே கூட்டம் நடக்கும் இடம். பங்குத்தந்தையே பல இடங்களில் சங்கத் தலைவர். மேலிருந்து கீழாக அதிகாரம் இறங்கும் ஓர் அமைப்பு, கீழிருந்து மேலாக அதிகாரம் ஏற வேண்டிய இன்னோர் அமைப்புக்கு வீடு கொடுத்தது. அந்த வீட்டில் குடியிருந்தவர்களால் வீட்டுக்காரரை மறுத்துப் பேச முடிந்ததா என்பதே நான் பழைய தாள்களில் தேடிக்கொண்டிருப்பது. மறுத்துப் பேச முடியாத இடத்தில் வாக்குச்சீட்டு இருந்தும் பெரிய பயனில்லை என்பது என் எண்ணம்.

இயக்கத்தைத் தொடங்கிய ஹொரஸ் பிளங்கட் கத்தோலிக்கர் அல்லர். 1854இல் டன்சேனி பிரபுவின் மகனாகப் பிறந்தவர், புராட்டஸ்டண்ட், பிரிட்டனோடு இணைந்திருப்பதையே விரும்பிய அரசியல்காரர், ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்துவிட்டுப் பத்தாண்டுகள் அமெரிக்காவின் வயோமிங்கில் மாட்டுப் பண்ணை நடத்தியவர். 1889இல் ஊர் திரும்பியபோது, இங்கிலாந்துச் சந்தையில் அயர்லாந்து வெண்ணெயின் இடத்தை டென்மார்க் வெண்ணெய் பிடித்துக்கொண்டிருந்தது. டென்மார்க்கில் 1882 முதல் உழவர்களே சேர்ந்து ஆலைகள் நடத்தினார்கள். சுழன்று ஏடு பிரிக்கும் புதிய இயந்திரம் ஒரு தனி உழவரின் கைக்கு எட்டாத விலையுடையது. சேர்ந்து வாங்கினால் எட்டும். வாங்காவிட்டால் தனியார் முதலாளி வாங்குவார், பாலின் விலையை அவரே வைப்பார். தேவை இவ்வளவு தெளிவாக இருந்தும், ஒரு சங்கம் உருவாவதற்குள் தாம் ஐம்பது கூட்டங்களில் பேச வேண்டியிருந்ததாக பிளங்கட் எழுதியிருக்கிறார். அவரோ திக்கிப் பேசும் கூச்ச சுபாவி. நிலச்சுவான்தார்களோடு குடியானவர்கள் நடத்திய நிலப்போரின் சூடு ஆறாத காலத்தில், ஒரு பிரபுவின் மகன் வந்து உங்கள் நன்மைக்காகப் பேசுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

நம்ப வைத்தவர் தாமஸ் ஃபின்லே என்ற இயேசு சபைக் குரு. டப்ளினில் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியராக இருந்து பொருளாதாரமும் கற்பித்தவர், ஐரோப்பாவில் படித்தவர், ஜெர்மானியக் கிராமங்களில் ரைஃபைசன் தொடங்கிய கடன் சங்கங்களை அறிந்தவர். 1894இல் அயர்லாந்து வேளாண் அமைப்புச் சங்கம் நிறுவப்பட்டபோது பிளங்கட் தலைவர், ஃபின்லே துணைத் தலைவர், ஆண்டர்சன் செயலாளர். மூன்றாண்டுகளுக்கு முன்புதான், 1891இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ உழைப்பாளரின் நிலை குறித்த சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். தொழிலாளரும் உழவரும் சங்கமாகச் சேர்வதைத் திருச்சபை ஆசீர்வதிக்கிறது என்பதற்கு அது எழுத்து வடிவச் சான்றாக ஃபின்லே போன்றவர்களுக்குப் பயன்பட்டது. ஆனால் ஃபின்லே மேடையில் மறையுரை ஆற்றியவர் அல்லர். அவருடைய எழுத்துகளைப் படிக்கும்போது எனக்குத் தென்படுபவர், கணக்கில் கெட்டிக்காரரான, சிறிது ஏளனமும் கலந்து பேசத் தெரிந்த ஓர் ஆசிரியர். இடைத்தரகரின் கையில் எத்தனை காசு போகிறது என்று அவர் காட்டிவிட்டு உட்கார்ந்தால் போதும். அவர் அணிந்திருந்த குருவின் அங்கி மீதியைப் பேசிவிடும். அந்த அங்கி இல்லாமல் பிளங்கட் எத்தனை புள்ளிவிவரம் அடுக்கியிருந்தாலும் மன்ஸ்டர் மாகாணத்துக் கிராமங்களில் கதவு திறந்திருக்காது.

சங்கத்தின் விதி, மதத்தையும் கட்சி அரசியலையும் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. வடக்கே அல்ஸ்டரில் ஆரஞ்சு சங்கத்துப் புராட்டஸ்டண்டுகளும் கத்தோலிக்கரும் ஒரே நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து ஆளிவிதை விலை பேசுவதை இயக்கத்தவர்கள் பெருமையோடு குறிப்பிட்டார்கள். பெருமைக்குரியதுதான். ஆயினும் விதி ஒன்று சொல்ல, நடைமுறை வேறொன்று சொன்னது. சங்கம் அமைக்க வரும் அமைப்பாளர் முதலில் போய்க் கதவைத் தட்டியது பங்குத்தந்தையின் வீட்டை. அவர் ஒப்பினால் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கூட்டம் பற்றிய அறிவிப்பு வரும்; ஒப்பாவிட்டால் அந்த ஊரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க வேண்டியதுதான்.

இதன் பலனும் கேடும் மிகத் தெளிவாகத் தெரிவது கடன் சங்கங்களில். முதல் ரைஃபைசன் வகைக் கடன் சங்கம் 1895இல் கார்க் மாவட்டத்து டோனரெய்லில் தொடங்கியது. 1908 வாக்கில் 268 சங்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சிறிய வட்டாரத்துக்குள் அடங்கியது. உறுப்பினர் அனைவரும் சங்கத்தின் கடனுக்கு வரம்பில்லாமல் பொறுப்பாளிகள். பன்றிக்குட்டி வாங்கவோ விதை வாங்கவோ ஒருவர் கடன் கேட்டால், அவர் எப்படிப்பட்டவர் என்று குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். தவணை தவறினால் இரண்டு ஜாமீன்தாரர்களும் அண்டை வீட்டார்கள். கடை வைத்துக்கொண்டு அதிலேயே கடனும் கொடுத்து, சரக்கின் விலையிலும் வட்டியிலுமாக இரண்டு பக்கமும் அறுக்கும் கோம்பீன்காரர் என்னும் வட்டிக்கடைக்காரரிடமிருந்து மேற்குக் கரையின் சிற்றுழவரை மீட்பதுதான் நோக்கம். ஏட்டில் இதைவிட அழகான ஏற்பாடு கிடையாது. சென்னை மாகாணத்தில் ஃபிரெடரிக் நிக்கல்சன் 1895லும் 1897லும் அளித்த அறிக்கைகளின் சாரமும், ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான். 1904ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் திருவள்ளூருக்கு அருகே திரூரில் தொடங்கிய சங்கமும் டோனரெய்ல் சங்கமும் அந்த வகையில் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள்.

அயர்லாந்தில் அந்த ஏற்பாடு இருபது ஆண்டுகளில் வாடியது. முதல் உலகப் போருக்குப் பின் பெரும்பாலான சங்கங்கள் பெயரளவில்தான் இருந்தன. பொருளாதார வரலாற்றாசிரியர்கள் பல காரணங்களைச் சொல்கிறார்கள். மக்கள் தங்கள் சேமிப்பை அஞ்சலகத்திலும் பெரிய வங்கிகளிலும் போட்டார்கள். சங்கங்கள் அரசுத் துறை தந்த கடன் பணத்தையே நம்பியிருந்தன. கணக்குத் தணிக்கைக்கு வலுவான மைய அமைப்பு இல்லை. டிமதி கின்னேன் சுட்டும் காரணம் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது: அண்டை வீட்டார்களால் அண்டை வீட்டார்மேல் நடவடிக்கை எடுக்க முடியவில்லை. ஒருவர் தவணை தவறினால் குழு தேதியைத் தள்ளிவைத்தது, மறுபடி தள்ளிவைத்தது, ஜாமீன்தாரரிடம் யாரும் போகவில்லை. நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நினைவு ஒவ்வொரு குடும்பத்திலும் இருந்த நாட்டில், கடனுக்காக ஒருவர் வீட்டுப் பசுவைப் பிடித்து வருவதற்கு எந்தக் குழு கையெழுத்துப் போடும்? என் தந்தை தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை பார்த்தவர் என்பதால், இந்தப் பகுதியை நான் வெறும் வரலாறாகப் படிக்கவில்லை. திண்ணையில் வந்து உட்கார்ந்து ஒருவர் நலம் விசாரிக்கத் தொடங்கினாலே தவணையை நீட்டிக்கக் கேட்க வந்திருக்கிறார் என்பது வீட்டில் உள்ள குழந்தைக்கும் தெரிந்துவிடும். வேண்டாம் என்று சொல்லத்தான் ஆளிருக்காது.

நெதர்லாந்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே ரைஃபைசன் முறை அங்கே 1898இல் இரண்டு மைய வங்கிகளாக அமைந்தது. ஐந்தோவனில் இருந்தது வெளிப்படையாகக் கத்தோலிக்கருடையது. உட்ரெக்டில் இருந்தது மற்றவர்களுடையது. இரண்டும் தழைத்தன, 1972இல் இணைந்து, இன்று ரபோபேங்க் என்ற பெயரில் உலகின் பெரிய வங்கிகளுள் ஒன்றாக இருக்கின்றன. மதத்தின்படி பிரிந்து நின்றவை வளர்ந்தன. மதத்தை விதியால் விலக்கி, நடைமுறையில் அதன்மேல் சாய்ந்து நின்றவை வாடின. இதிலிருந்து மதப் பிரிவே நல்லது என்று முடிவு கட்டிவிட நான் தயாராக இல்லை. நெதர்லாந்தின் உழவர்கள் செழிப்பானவர்கள், சேமிப்பதற்கு அவர்களிடம் பணம் இருந்தது. ஆனால் அங்கே மைய வங்கியிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்து கணக்கைப் புரட்டினார். அவர் ஊர்க்காரர் அல்லர். யார் முகத்தையும் பார்க்காமல் மறுக்க முடிந்தவர். அயர்லாந்தின் பங்கில் அப்படி ஒருவர் இல்லை. பங்குத்தந்தை இருந்தார், ஆனால் அவர் இரங்க வேண்டியவர், வசூலிக்க வேண்டியவர் அல்லர்.

1904இல் பிளங்கட் எழுதிய நூல் இந்த உறவை ஏறக்குறைய முறித்தேவிட்டது. புதிய நூற்றாண்டில் அயர்லாந்து என்ற பொருளில் தலைப்பிட்ட அந்த நூலில், கத்தோலிக்க மதத்தின் சில போக்குகள் பொருளாதார நோக்கு இல்லாதவையாக, ஒருவேளை அதற்கு எதிரானவையாகவே, வெளியாள் ஒருவருக்குத் தோன்றும் என்று எழுதினார். அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதையே பழக்கியதால் தன்னம்பிக்கையும் தொழில் முனைப்பும் குன்றிப்போயின என்றார். ஏழைப் பங்குகளில் எழும்பிய ஆடம்பரமான ஆலயங்களையும் குறை சொன்னார். கர்தினால் மைக்கேல் லோக் கண்டித்தார். நாடாளுமன்றத் தேசியவாதக் கட்சிக்கோ இது கைக்கு வந்த ஆயுதம். ரோமில் இருந்த மைக்கேல் ஓ'ரியோர்டன் என்ற குரு பெருநூல் ஒன்றையே மறுப்பாக எழுதினார்: அயர்லாந்தின் வறுமைக்குக் காரணம் மக்களின் மறை அன்று, அந்த மறையினரின் நிலத்தையும் தொழிலையும் சட்டம் போட்டுப் பறித்த ஆட்சி என்பது அவர் வாதம்.

வாதத்தில் வென்றவர் ஓ'ரியோர்டன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்களின் நூற்றாண்டைத் தாண்டிக் குதித்துவிட்டு ஒரு மக்களின் குணத்தைப் பற்றிப் பேசுவது, பிளங்கட் போன்ற நல்லெண்ணம் கொண்டவரிடமும் ஒரு மேல்தட்டுப் பழக்கமாகவே இருந்தது. ஆனால் அவர் கண்டு சொல்லத் தவறிய வேறொன்றை அவருடைய சங்கங்களின் அன்றாடம் காட்டுகிறது. குருவானவர் தலைமை நாற்காலியில் இருக்கும்போது தேர்தல் என்பது பெரும்பாலும் ஏகமனதாகக் கைதட்டி முடிவது. திறமையில்லாத மேலாளரை நீக்க வேண்டுமென்று நினைக்கும் உறுப்பினர், அந்த மேலாளரைக் கொண்டுவந்த தலைவரிடம்தான் தன் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் தன் தாய்க்கு இறுதி அருட்சாதனமும் கேட்க வேண்டியவர். கத்தோலிக்கரின் மனத்தில் குறை தேடியவர், நாற்காலியின் அமைப்பில் இருந்த சிக்கலைப் பார்க்கவில்லை. புராட்டஸ்டண்டு நிலச்சுவான்தார் ஒருவர் தலைவராக இருந்த சங்கங்களிலும் இதே சிக்கல், வேறு உடையில் இருந்தது.

இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்த விசித்திரமானவர் ஜார்ஜ் ரஸ்ஸல். ஏ.இ. என்ற பெயரில் கவிதை எழுதியவர், ஓவியர், பிரம்மஞான சபையில் இருந்தவர், தேவதைகளைக் கண்ணால் கண்டதாகச் சொன்னவர். கவிஞர் யேட்ஸின் பரிந்துரையில் 1897இல் பிளங்கட் இவரைக் கடன் சங்கங்கள் அமைக்க மேற்கே அனுப்பினார். துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த இவர், சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய்க் கத்தோலிக்க உழவர்களிடம் வரம்பற்ற பொறுப்பை விளக்கினார். 1905 முதல் 1923 வரை இயக்கத்தின் வார இதழான ஐரிஷ் ஹோம்ஸ்டெட்டின் ஆசிரியர். அந்த இதழின் பழைய தொகுதிகளைப் புரட்டுவதுதான் என் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த வேலை; பன்றித் தீவனம், பால்மானி, முட்டை விலை, அவற்றுக்கு நடுவே திடீரென்று ஒரு கவிதை. ஜேம்ஸ் ஜாய்ஸின் முதல் சிறுகதை 1904இல் வெளிவந்ததும் இதே இதழில்தான். அடையாறோடு இவர்களுக்குள்ள தொடர்பும் சுவையானது: ரஸ்ஸலின் வட்டத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கசின்ஸும் அவர் மனைவி மார்கரெட்டும் 1915இல் சென்னைக்கு வந்து அன்னி பெசன்ட்டோடு சேர்ந்தார்கள், 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் மார்கரெட்டின் கை பெரியது.

எந்தத் திருச்சபைக்கும் கட்டுப்படாத மனிதராக இருந்ததால் ரஸ்ஸலால் மற்றவர்கள் சொல்லத் தயங்கியதைச் சொல்ல முடிந்தது. 1913இல் டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத்தை உடைப்பதற்காக ஆலைகளைப் பூட்டியபோது, அவர்களைப் பெயர் சொல்லாத குறையாகச் சுட்டெரித்த திறந்த மடலை அக்டோபரில் ஐரிஷ் டைம்ஸில் வெளியிட்டார். பட்டினி கிடந்த தொழிலாளரின் பிள்ளைகளை இங்கிலாந்து வீடுகளுக்கு அனுப்பினால் அவர்களின் விசுவாசம் கெட்டுவிடும் என்று டப்ளின் பேராயர் வில்லியம் வால்ஷ் தடுத்தபோது, லண்டன் மேடையில் அதையும் தாக்கினார். பங்குகளின் தயவில் இயங்கிய சங்கத்துக்கு இது எவ்வளவு சங்கடம் என்று பிளங்கட்டுக்குத் தெரியும். இருந்தும் ரஸ்ஸல் பதவியில் நீடித்தார் என்பதைப் பிளங்கட்டின் கணக்கில் நான் வரவு வைப்பேன்.

பங்குத்தந்தையின் நிழல் குறைவாக இருந்த ஒரு வெற்றியையும் சொல்ல வேண்டும். டோனிகால் மாவட்டத்து டங்லோவில் பாட்ரிக் கேலஹர் 1906இல் டெம்பிள்குரோன் சங்கத்தைத் தொடங்கினார். 1871இல் பிறந்த இவர் சிறுவயதிலேயே கூலிச்சந்தையில் பண்ணையாளாக விலைபேசப்பட்டவர். ஸ்காட்லாந்துக்குப் பிழைக்கப் போன இடத்தில் கூட்டுறவுக் கடையைப் பார்த்தவர். உள்ளூர் வணிகர் விற்ற உரத்தைவிடச் சங்கம் வழியாக வாங்கிய உரம் மலிவு என்பதில் தொடங்கி, கடை, பின்னலாடைத் தொழிற்கூடம் என்று வளர்ந்தது. வணிகர்கள் விடவில்லை. கப்பலில் சரக்கு இறக்கும் துறையை மறித்தார்கள், வழக்குப் போட்டார்கள், கேலஹர் சிறைக்கும் போய்வந்தார். அந்தக் கடை இன்றும் டங்லோவில் இருக்கிறது. இந்தச் சங்கத்தின் வலிமை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதன் தொடக்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு வணிகரிடம் இனி உன் கடைக்கு வரமாட்டேன் என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அப்படிச் சொல்லிப் பழகியவர்கள் தங்கள் சொந்தக் குழுக் கூட்டத்திலும் வாயைத் திறந்தார்கள்.

வெண்ணெய் ஆலைகளில் உறுப்பினர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். இயக்கத்தின் வரலாறுகள் மிக வேகமாகக் கடந்து செல்லும் இடம் இது. ஆலை வரும்வரை வெண்ணெய் கடைவது பெண்களின் வேலை. விற்ற காசில் ஒரு பகுதியாவது அவர்கள் கையில் தங்கியது. ஆலை வந்தபின் பால் குடத்தோடு வண்டியில் போனது, மாதக் கடைசியில் காசோலை உறுப்பினர் பெயருக்கு வந்தது. உறுப்பினர் என்பவர் நிலம் வைத்திருப்பவர். பெரும்பாலும் கணவர், அவர் இறந்தபின் கைம்பெண். கூலிக்குப் பால் கறந்தவர்களுக்கும் ஆலைக்குள் வேலை செய்தவர்களுக்கும் வாக்கு இல்லை. இயக்கத்தவர்கள் 1910இல் ஐக்கிய ஐரிஷ் பெண்கள் என்ற அமைப்பைத் தொடங்கி, தோட்டம், கோழி, உடல்நலம், ஊர்க் கேளிக்கை ஆகியவற்றை அதனிடம் ஒப்படைத்தார்கள். வெண்ணெய்க் காசைப் பற்றிய பேச்சு அதில் அரிது.

இதே நாட்டில் எண்பது ஆண்டுகளுக்கு முன்பு வேறுமாதிரி நடந்திருக்கிறது என்பதுதான் வியப்பு. கிளேர் மாவட்டத்து ரலஹைனில் 1831இல் நிலச்சுவான்தார் ஜான் ஸ்காட் வான்டலர், கூட்டுறவுச் சிந்தனையாளர் ராபர்ட் ஓவனின் கருத்துகளால் கவரப்பட்டு, மான்செஸ்டரிலிருந்து எட்வர்டு கிரெய்க் என்பவரை அழைத்துத் தம் பண்ணையைக் கூட்டுறவுச் சமூகமாக மாற்றினார். அவருடைய மேற்பார்வையாளர் குடியானவர்களால் கொல்லப்பட்டிருந்தார். அச்சமும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். ஒன்பது பேர் கொண்ட குழுவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயதுவந்த ஆண்களும் பெண்களும் இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தார்கள். ஒவ்வொரு மாலையும் அக்குழு மறுநாள் வேலையைப் பங்கிட்டது. மது இல்லை, சூதாட்டம் இல்லை, அவரவர் வழிபாட்டில் யாரும் தலையிடக் கூடாது. இரண்டாண்டுகள் அது நன்றாகவே நடந்தது. 1833இல் வான்டலர் டப்ளினில் சூதாடிப் பண்ணையைத் தோற்றுவிட்டு நாட்டைவிட்டு ஓடினார். கடன்காரர்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். உறுப்பினர்களுக்குச் சட்டப்படி எந்த உரிமையும் இருக்கவில்லை. மாலைதோறும் வாக்கால் நடந்த பண்ணையில், நிலத்தின்மேல் மட்டும் ஒருவருடைய சொல்லே சட்டமாக இருந்திருக்கிறது. மதத்துக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லாததால் அந்த உண்மை மறைப்பில்லாமல் தெரிகிறது.

கூட்டுறவுக்குள்ளேயே மறுப்புக்கு எவ்வளவு இடம் என்பதை நீதிமன்றம் வரை கொண்டுபோனது கெர்ரி மாவட்டத்துப் பாலிமெக்கெலிகாட் சங்கம். உறுப்பினர் தம் பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்ற வேண்டும், குழுவின் ஒப்புதல் இல்லாமல் விலகவும் முடியாது என்பது விதி. தனியார் ஆலை சில மாதங்கள் விலையை உயர்த்தி உறுப்பினர்களை இழுத்து, சங்கம் சரிந்ததும் விலையைக் குறைத்துவிடும் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த விதி அது. மெக்எலிஸ்ட்ரிம் என்ற உறுப்பினர் வழக்குத் தொடுத்தார். 1919இல், மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த லண்டன் பிரபுக்கள் அவை, வாழ்நாள் முழுவதும் ஒருவரைக் கட்டிப்போடும் விதி வணிகச் சுதந்திரத்துக்கு மாறானது என்று தள்ளியது. இயக்கத்துக்கு இது பேரிடி. தீர்ப்பு சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதே அவை தனியார் ஆலைகளின் விலைச் சூதைத் தடுக்க ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் விட முடியாது. அடுத்த ஆண்டு மே மாதம், லிமெரிக் மாவட்டத்து நாக்லாங்கில் கிளீவ் குடும்பத்தின் தனியார் ஆலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றிச் செங்கொடி ஏற்றி, நாங்கள் எடுப்பது வெண்ணெய், லாபம் அல்ல என்று பலகை எழுதி வைத்தார்கள். சில நாள்களில் கோரிக்கைகள் நிறைவேறி ஆலை திரும்ப ஒப்படைக்கப்பட்டது. கூட்டுறவு ஆலைகளின் குழுக்களில் இருந்த உழவர்கள் அந்தப் பலகையைப் படித்து மகிழ்ந்திருக்க மாட்டார்கள்.

விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படைகள் பழிவாங்குவதற்காகக் கூட்டுறவு ஆலைகளைக் கொளுத்தின. ஓர் ஊரின் வருமானம் முழுவதும் ஒரே கட்டடத்தில் இருந்ததே அதற்குக் காரணம். 1923 ஜனவரியில் உள்நாட்டுப் போரின்போது, புதிய அரசின் மேலவை உறுப்பினராக இருந்த குற்றத்துக்காக பிளங்கட்டின் வீட்டைக் குடியரசுப் படையினர் எரித்தார்கள். அவர் இங்கிலாந்துக்குப் போய், 1932இல் அங்கேயே இறந்தார். நாடு பிரிந்ததில் சங்கமும் பிரிந்து, 1922இல் வடக்குக்குத் தனி அமைப்பு ஏற்பட்டது.

அதன்பின் முன்கை எடுத்தவர்கள் குருக்கள்தான். நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பத்தில், அப்படிப்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்ட குடிசையொன்றில் 1887இல் பிறந்த ஜான் ஹேய்ஸ், முயிண்டிர் ந டீர என்ற இயக்கத்தை 1931இல் உழவர் கூட்டுறவாகத் தொடங்கி, 1937இல் பங்குக்கு ஒரு மன்றம் என்று மாற்றியமைத்தார். உழவர், கூலியாள், வணிகர், படித்தவர் என்று ஒவ்வொரு தொழிலாருக்கும் மன்றத்தில் இடம் இருந்தது. வர்க்கப் பகையைத் தவிர்த்துத் தொழில்வாரியாகச் சேர வேண்டும் என்ற திருத்தந்தை பதினொன்றாம் பயஸின் சுற்றுமடல் அதற்குப் பின்னணி. கூலியாளுக்கும் நாற்காலி கொடுத்ததில் அது வெண்ணெய் ஆலையைவிட ஒரு படி முன்னே போனது. ஆனால் கூலியாளின் கூலியை யார் கொடுக்கிறாரோ அவரும் அதே மேசையில், பங்குத்தந்தையின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

இந்த வரிசையில் உண்மையான திருப்பம் 1958இல் டப்ளினில் தொடங்கிய சிக்கனக் கடன் சங்கங்கள் என்று நான் கருதுகிறேன். தொடங்கியவர்களுள் முதன்மையானவர் நோரா ஹெர்லிஹி. கார்க் மாவட்டத்து பாலிடெஸ்மண்டிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை. டப்ளினின் ஏழை மாணவர்களின் வீடுகளில் அடகுக்கடையும் வட்டிக்காரரும் செய்ததைப் பார்த்தவர். கனடாவின் அன்டிகோனிஷில் மோசஸ் கோடி போன்ற குருக்கள் வளர்த்த முறையும் அவர்களுக்கு முன்மாதிரி. இங்கும் உறுப்பினர் வட்டத்தின் எல்லை பல இடங்களில் பங்கின் எல்லைதான். குருக்கள் கைகொடுத்தார்கள், பங்கு மண்டபம் கிடைத்தது. ஆனால் பழைய ரைஃபைசன் சங்கத்துக்கு மாறாக, கடன் உறுப்பினரின் சொந்தச் சேமிப்பிலிருந்து வந்தது. தன் காசு உள்ளே இருப்பவர் தவணையைப் பற்றிக் கேட்கத் தயங்குவதில்லை. மதத்தோடு இருந்த உறவும் மெல்ல மாறியது: குரு ஆதரவாளர், கணக்கு பொதுமக்களிடம். 1966இல் கடன் சங்கச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் டி வலேரா கையெழுத்திட்டபோது ஹெர்லிஹி அருகில் இருந்தார்.

வட அயர்லாந்தின் டெர்ரியில் 1960இல், பத்துப் பவுண்டுக்கும் குறைவான தொகையோடு ஐந்து பேர் தொடங்கிய சங்கத்தில் இளம் ஆசிரியர் ஜான் ஹியூம் ஒருவர். அந்தோணி மல்வி என்ற குருவும் உடனிருந்தார். வீடும் வேலையும் வாக்கும் கத்தோலிக்கருக்கு மறுக்கப்பட்ட நகரம் அது. வங்கிக் கடனும் அவர்களுக்கு எட்டாதது. நான்கு ஆண்டுகளில் ஹியூம் அனைத்து அயர்லாந்துக் கடன் சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். எல்லையின் இருபுறமும் ஒரே அமைப்பாக அது இன்றும் இயங்குகிறது. 1998இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றபின்னும், தம் வாழ்வில் தாம் மிகவும் பெருமைப்படுவது கடன் சங்கத்தைப் பற்றியே என்று அவர் சொல்லிவந்தார். இதை அவருடைய பணிவு என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. உள்ளாட்சித் தேர்தலில் வாக்கில்லாத உள்வாடகைக் குடித்தனக்காரர் கடன் சங்கப் பேரவையில் எழுந்து கணக்குக் கேட்க முடிந்தது என்பதை வைத்துப் பார்த்தால், 1968இல் டெர்ரித் தெருக்களில் எழுந்த குடியுரிமைக் கோரிக்கைக்கு அது ஒரு பயிற்சிக்களமாக இருந்தது என்று நான் வாதிடுவேன்.

பால் சங்கங்களின் கதை வேறு பக்கம் போனது. 1970களில் சங்கங்கள் இணைந்து பெருத்தன. 1986இல் கெர்ரி கூட்டுறவு தன் தொழிலைப் பங்குச்சந்தை நிறுவனமாக மாற்றியது. அவன்மோர், வாட்டர்ஃபோர்டு கூட்டுறவுகளும் அதே வழியில் தொடர்ந்தன. முதலீடு வேண்டுமென்பது காரணம். குருக்கள் எந்த நாற்காலியிலும் இல்லாத காலம் அது. அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தவர்கள் உறுப்பினர்களே. சந்தையில் பங்கின் விலை ஏறியது. பாலுக்குத் தரும் விலையைப் பற்றி ஊற்றுகிறவர்கள் முறையிட்டார்கள். இரண்டும் ஒரே நிறுவனத்தின் கணக்கில் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தன. அவன்மோர், வாட்டர்ஃபோர்டு இணைப்பில் பிறந்த கிளான்பியாவின் பால் தொழிலை அதன் கூட்டுறவு திரும்ப வாங்கி, 2022இல் டிர்லான் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கெர்ரியில் 2024 டிசம்பரில் கூட்டுறவு உறுப்பினர்கள் பால் தொழிலைத் திரும்ப வாங்கப் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள்: முதலில் 70 விழுக்காடு, மீதி பின்னர். அந்த ஏற்பாட்டின் இன்னொரு பாதியில், கூட்டுறவின் கையிலிருந்த நிறுவனப் பங்குகள் உறுப்பினர்களுக்கே பிரித்துக் கொடுக்கப்பட்டன. உறுப்பினர்களுள் பெரும்பாலோர் பால் ஊற்றுவதை எப்போதோ விட்டவர்கள், அல்லது தந்தையின் உறுப்பினர் உரிமையை வழியாகப் பெற்று நகரத்தில் வாழ்கிறவர்கள். பாலின் விலையை இனி நாங்களே வைக்க வேண்டும் என்று எண்ணிக் கை தூக்கியவர்கள் எத்தனை பேர், கைக்கு வரும் பங்குகளை எண்ணித் தூக்கியவர்கள் எத்தனை பேர் என்று வாக்குக் கணக்கு சொல்லாது. இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் இயல் அவர்களைப் பற்றியது.